மொரீஷியஸில் கைவைத்தியம்: புதிதாக வருபவர்களுக்கு

வேலை உறுதியாகி, அனுமதி அட்டையும் வந்து, ஊரில் பெட்டி கட்டும்போது எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். சுக்கு, திப்பிலி, ஓமம், நிலவேம்புப் பொடி, கறிவேப்பிலைக் கன்று, துளசி விதை, மாமியார் கிளறிக் கொடுத்த லேகியம் என்று ஒரு பை தனியாக நிரம்பும். அந்தப் பையில் பாதி இங்கேயே கிடைக்கும். கால்வாசியைக் கொண்டுவரவே கூடாது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நான் சந்தை சந்தையாக, ஆள் ஆளாக அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இது சளி, செரிமானக் கோளாறு, வாய்ப்புண் மாதிரி வீட்டுத் தொந்தரவுகளுக்கான வழிகாட்டி. பெரிய நோய்க்கு இதில் மருந்து தேடாதீர்கள்.

1. பெட்டி கட்டும் முன்

பச்சை இலை, கன்று, விதை, கிழங்கு, மண் ஒட்டிய வேர் எதுவானாலும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அதைத் தருவது ரெதுயியில் உள்ள தேசியத் தாவரப் பாதுகாப்பு அலுவலகம். வரிசை முக்கியம். முதலில் இங்கே அனுமதி வாங்கி, அதில் சொல்லியிருக்கும் நிபந்தனைகளைப் படித்து, அதன்படி இந்தியாவில் தாவர சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது மீனம்பாக்கம் பிளான்ட் குவாரன்டைன் நிலையம். சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு அனுமதிக்குப் போனால், நிபந்தனை ஒத்துப்போகாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நேரும். எல்லாம் சரியாக இருந்தாலும் இங்கே இறங்கியதும் பரிசோதனை உண்டு. ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்காக இவ்வளவும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். இங்கே வீட்டுக்கு வீடு நிற்கிறது.

கறிவேப்பிலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதன் இலையில் தங்கும். அதனால்தான் துணிகளுக்கு நடுவில் ஒளித்துவைத்த நாலு கொத்துக்கும் அதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள்.

உலர்ந்த சரக்கு வேறு கதை. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத, உட்பொருள் ஆங்கிலத்தில் அச்சிட்ட பாக்கெட்டாக எடுத்துவாருங்கள். பில்லையும் வைத்திருங்கள். வந்ததும் நீங்களே சுங்கத்தின் ரெட் சேனலில் (அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்கள் போகும் வழி) போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லிக் காட்டிய பொருளை எடுத்துக்கொண்டால் நஷ்டம் அந்தப் பொருளோடு போகும். மறைத்தது அகப்பட்டால் பேச்சே வேறு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்ட வீட்டுப் பொடிதான் எப்போதும் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பது. அதிகாரிக்கு அது வெறும் பச்சைத் தூள், அவ்வளவுதான்.

லேகியத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சில பழைய முறை லேகியங்களில் கஞ்சாவும் அபினும் சேரும். மொரீஷியஸில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. ‘மருந்துக்குத்தான்’ என்ற வாதத்தை நம்பிப் பெட்டியில் வைக்காதீர்கள். உட்பொருள் முழுதும் தெரியாத லேகியத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். பற்பம், செந்தூரம் போன்றவற்றில் பாதரசம், ஈயம், ஆர்செனிக் இருக்கலாம். மேற்பார்வைக்கு வைத்தியர் பக்கத்தில் இல்லாத ஊரில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆங்கில மருந்து எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டின் அசலைக் கொண்டுவர வேண்டும். அதில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, பலமான வலி மாத்திரை போன்றவற்றுக்குச் சீட்டு மட்டும் போதாது. பயணத்துக்கு முன்பே இங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் அனுமதி தேவை. அது ஒரே நாளில் வராது. டிக்கெட் போடும்போதே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

2. எங்கே வாங்குவது

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் மூலிகைக் கடைகள் இருக்கின்றன. மூலிகைக் கஷாயத்தை இங்கே ‘தீசான்’ என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் வழிகாட்டுவார்கள். கட்டுக்கட்டாக உலர்ந்த இலையும் பட்டையும் தொங்கும். மேலே அட்டையில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், மூட்டுவலி, உடல் மெலிய என்று எழுதியிருக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். நோய்ப் பெயர் சொல்லி விற்கும் கலவைப் பொட்டலம் வாங்காதீர்கள். அதில் எந்த இலை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ஒத்துக்கொள்ளாமல் போனால் மருத்துவரிடம் சொல்லவும் வழியில்லை. ஒரே செடி, ஒரே கட்டு என்று கேட்டு வாங்குங்கள்.

பச்சைக் கீரைக்கு வாரச் சந்தைதான் சரி. காத்ர் போர்னில் காய்கறி புதனும் சனியும், ஃபிளாக்கில் புதனும் ஞாயிறும், மஹேபூரில் திங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் வாடாத இலை கிடைக்கும். ஒரு கட்டுக்குச் சில பத்து மொரீஷியஸ் ரூபாய் ஆகும். (இங்குள்ள ஒரு ரூபாய், நம்மூர் இரண்டு ரூபாய்க்குப் பக்கம். முதல் மாதம் எதைப் பார்த்தாலும் பெருக்கிப் பார்ப்பீர்கள், பிறகு பழகிவிடும்.) சூறாவளி அடித்து ஓய்ந்த வாரங்களில் கீரை விலை எகிறும்; கிடைப்பதே பெரிது.

கடையை விடப் பக்கத்து வீடு மேல். இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் பலர் வீட்டில் பேசுவது கிரியோல்தான், ஆனால் முற்றத்தில் நிற்பது நம் செடிகள். கோயிலில் இரண்டு வெள்ளிக்கிழமை முகம் காட்டினால் போதும், முருங்கைக் கொம்பும் கற்பூரவல்லிக் கிளையும் கேட்காமலே வந்துவிடும்.

இரண்டு இடங்களில் பறிக்காதீர்கள். ஒன்று, பிளாக் ரிவர் மலைப்பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா போன்ற காப்புக் காடுகள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே செடி பறிப்பது குற்றம். இன்னொன்று, கரும்புத் தோட்ட ஓரம். மழைக்குப் பிறகு கீழாநெல்லியும் குப்பைமேனியும் அங்கே தளதளவென்று நிற்கும். ஆனால் களைக்கொல்லி தெளிக்கும் இடம் அது. என்று தெளித்தார்கள் என்பது கழுவினால் தெரிந்துவிடாது.

3. பெயர் வேண்டாம், இலையைப் பாருங்கள்

சந்தையில் இந்தப் பெயர்கள் தெரிந்தால் போதும். முருங்கைக் கீரை ‘பிரெட் முரும்’. மணத்தக்காளிக் கீரை ‘பிரெட் மார்த்தேன்’. (பிரெட் என்றால் இங்கே கீரை, ரொட்டிக் கடைக்குப் போய்விடாதீர்கள்.) கறிவேப்பிலை ‘கரிபுலே’. பாகற்காய் ‘மார்கோஸ்’. மஞ்சள் ‘சஃப்ரான்’. கடைசியில் சொன்னது கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குழப்பும். பாலில் போடக் குங்குமப்பூ வேண்டும் என்று சஃப்ரான் கேட்டால் மஞ்சள் தூளை நிறுத்துத் தருவார்கள்.

உண்மையில் ஆபத்தான குழப்பம் வேம்பில் இருக்கிறது. ‘லிலா’ என்று கேட்டால் சிலர் வேப்பிலை தருவார்கள், சிலர் மலைவேம்பைத் தருவார்கள். மலைவேம்பின் காய் விஷம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கொத்தைக் கையில் எடுங்கள். வேம்பில் நடுக்காம்பின் இருபுறமும் நேராக இலைகள் வரிசைகட்டும். ஒவ்வொரு இலையும் அரிவாள் போல வளைந்து, அடிப்பக்கம் ஒரு புறம் ஏறி ஒரு புறம் இறங்கி இருக்கும். மலைவேம்பில் நடுக்காம்பிலிருந்து கிளைக்காம்புகள் பிரிந்து, அவற்றில்தான் இலைகள் ஒட்டியிருக்கும். பூ வெள்ளையென்றால் வேம்பு. இளம் ஊதா என்றால் மலைவேம்பு. வேப்பம்பழம் நீள்வட்டம், பழுத்ததும் உதிரும். மலைவேம்புப் பழம் உருண்டை. இலையெல்லாம் கொட்டிய பிறகும் மஞ்சளாகக் கொத்துக்கொத்தாக மரத்திலேயே தொங்கும். குழந்தைகள் விளையாட எடுப்பது இதைத்தான்.

அடையாளத்தில் சந்தேகம் வந்தால் வயதான ஒருவரிடம் காட்டுங்கள், கைபேசிச் செயலியிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

4. வீட்டில் வைப்பது

முதலில் நீங்கள் இருக்கும் உயரத்தைப் பாருங்கள். கூர்ப்பீப், வாக்வா பக்கம் குளிரும் மழையும் அதிகம். அங்கே முருங்கையும் வேம்பும் ஏங்கிப்போய் நிற்கும். போர்ட் லூயிஸ், ஃபிளிக் ஆன் ஃபிளாக், கிராண்ட் பே போன்ற கடலோர இடங்களில் போட்டி போட்டு வளரும். மேட்டு ஊரில் இருப்பவர்கள் கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், புதினா, அயப்பானா (செரிமானத்துக்கான இங்குள்ள மூலிகை, 5ஆம் பகுதியில் வரும்) என்று தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

பருவம் நமக்குத் தலைகீழ். வெயில் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, குளிர் மே முதல் அக்டோபர் வரை. மஞ்சள் கிழங்கைச் செப்டம்பர், அக்டோபரில் ஊன்றினால் எட்டொன்பது மாதத்தில் தோண்டலாம். கற்பூரவல்லிக் கிளை இரண்டு வாரத்தில் வேர் விடும். முருங்கைக் கொம்பு சில மாதங்களில் கீரை தரும். ஆனால் சூறாவளிப் பருவத்துக்கு முன் கிளையைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் முழு மரமும் பக்கத்து வீட்டுக் கூரையில் கிடக்கும். வாடகை வீடு என்றால் மண்ணில் நடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஏன் என்பது 6ஆம் பகுதியில் வரும்.

5. எதற்கு எது

சளி, இருமல்: கற்பூரவல்லி இலை நாலைந்தைத் தோசைக்கல்லில் லேசாக வாட்டி, கசக்கிப் பிழிந்தால் அரை டீஸ்பூன் சாறு வரும். அதே அளவு தேன் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பெரியவர்களுக்குச் சுக்கு, மிளகு, கொத்தமல்லி விதை தட்டிப் போட்ட கஷாயம். பனைவெல்லம் தேடி அலைய வேண்டாம். இங்கே ஆலையில் கிடைக்கும் கருநிறச் சர்க்கரை, மஸ்கவாடோ, அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். என் நாக்குக்கு அது ஒரு படி மேல் என்றே தோன்றுகிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் கஷாயம் போதாது, நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும்.

செரிமானம்: இதற்கு நம்மூர் ஓமத்தோடு இங்குள்ள அயப்பானாவையும் பழகிக்கொள்ளுங்கள். ஈட்டி போல நீண்ட மெல்லிய இலை, அடியிலிருந்து நீளும் மூன்று நரம்பு, நடு நரம்பில் ஊதாச் சாயல், கசக்கினால் வாசனை. ஐந்தாறு இலையை ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டிக் குடிப்பார்கள். கல்யாண வீட்டு ஏழு கறிச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை இதன் அருமை தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தவிர்க்கவும். கூமரின் வகைப் பொருள்கள் இதில் உண்டு.

வாய்ப்புண்: மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கூட்டு வைத்தால் போதும். ஆனால் சந்தைக் கட்டைப் பிரித்ததும் உட்கார்ந்து ஆயுங்கள். காம்போடு பச்சைக் காய்கள் ஒட்டிக்கொண்டு வரும். கறுத்துப் பழுத்தது பரவாயில்லை, பச்சைக் காயில் நச்சு உண்டு. கிள்ளி எறிந்துவிட்டுக் கீரையை நன்றாக வேகவிடுங்கள்.

சொறி, சிரங்கு: குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவது வழக்கம். பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் இந்தக் கீரையை உண்டு ரத்த அணுக்கள் சிதைந்து ஆபத்தான நிலைக்குப் போனதுண்டு. அந்தக் குறை தங்களுக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது.

கற்றாழை: தோலுக்குக் கீழே வடியும் மஞ்சள் பாலை முழுதும் கழுவிய பிறகே சோற்றைத் தொடுங்கள். அந்தப் பால் வயிற்றைக் கலக்கிவிடும். கர்ப்பிணிகள் உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம்.

வேப்ப எண்ணெயைப் பற்றி ஒரே வரி. கைக்குழந்தைக்குச் சொட்டுக்கூட வாயில் விடாதீர்கள். வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த குழந்தைகள் உண்டு.

6. காய்ச்சல் என்றால்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். இங்கே 2024இல் டெங்கு பரவியது, 2025இல் சிக்குன்குனியா. இரண்டையும் பரப்புவது தொட்டித் தட்டு போன்ற இடங்களில் தேங்கும் தண்ணீரில் பெருகும் கொசு. எலிக்காய்ச்சலும் உண்டு. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே காய்ச்சல்தான்: உடல்வலி, தலைவலி, சோர்வு. நிலவேம்புக் குடிநீர் குடித்துவிட்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று வீட்டில் படுத்தால் அந்த மூன்று நாள்தான் கைநழுவுகிறது. முதல் நாளோ இரண்டாம் நாளோ ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறகு குடிநீர் குடிப்பதானால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு குடித்தால் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ஏறிவிடும் என்று யாராவது ஒரு டம்ளரோடு வருவார்கள். அதை நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தூங்கிவழியும் மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கிளம்புங்கள்.

மஞ்சள் காமாலைக்கும் இதே விதி. கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிப்பது நம் வழக்கம், சரி. ஆனால் காமாலை என்பது வெறும் அறிகுறி. கிருமியா, பித்தப்பைக் கல்லா, மருந்தால் வந்ததா என்று பரிசோதனை சொன்ன பிறகு மற்றது.

7. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள்

உலகில் சர்க்கரை நோய் மிகுந்த நாடுகளில் மொரீஷியஸும் ஒன்று. அதனால் சர்க்கரைக்கு ஆலோசனை சொல்லாத ஆளே இங்கே இல்லை. பாகற்காய்ச் சாற்றை மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடித்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். குழம்பில் பாகற்காய் சாப்பிடுவதைச் சொல்லவில்லை, டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பதைச் சொல்கிறேன். நித்தியகல்யாணிப் பூவையும் இலையையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்பவர்களும் உண்டு. புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கும் செடி அது. வீட்டு அடுப்பில் அளவு பார்த்துக் கொடுக்கும் சங்கதி அல்ல.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் முருங்கைக் கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் விட்டுவிடக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தோடு இழுபறி செய்யும். அறுவைச் சிகிச்சை தேதி குறித்தாயிற்று என்றால், குடிக்கும் கஷாயம் எல்லாவற்றையும் எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுங்கள்.

8. வைத்தியரிடம் போவதானால்

ஆயுர்வேதமும் பிற மரபு மருத்துவமும் இங்கே 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். முதல் நாளே பதிவைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் அடுத்த ஆளைப் பாருங்கள். உங்கள் கைராசி ஊரில் எவ்வளவு பேர்போனதாக இருந்தாலும் இங்கே காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் கஷாயம் கொடுக்காதீர்கள். வேலை அனுமதியில் வந்தவருக்கு அது வேண்டாத வம்பு.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பாஸ்போர்ட் நகல், அனுமதி அட்டை நகல், காப்பீட்டு அட்டை, எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல் நான்கும் ஒரே உறையில் இருக்கட்டும். தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு நிறுவனம் பணத்தை நேராகக் கட்டுமா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். ஆயுர்வேதச் செலவு பல காப்பீடுகளில் சேராது.

அவசரம் என்றால் சாமு ஆம்புலன்ஸ், எண் 114. வடக்கே பாம்பிள்மூஸ், தலைநகரில் ஜீத்தூ, நடுவில் காந்தோஸ் விக்டோரியா, கிழக்கே ஃபிளாக், தெற்கே ரோஸ் பெல் என ஐந்து பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பக்கம் என்று பார்த்து வையுங்கள். குழந்தை ஏதாவது காயையோ இலையையோ தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், அந்தச் செடியின் ஒரு கொத்தை இலை, காய், பூவோடு ஒடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். தமிழ்ப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது.